எட்டு மூன்றாகத் தெரிந்த வாரம்

மெர்கோங் கடைவரிசையில் என் கடையின் அகலம் ஆறடி. இந்தப் பக்கம் கைப்பேசி உறை விற்கும் பையன், அந்தப் பக்கம் துணி தைக்கும் மலாய்க்கார அம்மா, நடுவில் நானும் என் விளக்கும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் உடைந்த கைப்பேசியோடுதான் வருவார்கள். ஆனாலும் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது பழைய கல்குலேட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இரும்புக் கடை முதலாளியான சீனத் தவுக்கே, ஓய்வு பெற்ற வாத்தியார், செத்துப்போன கணவரின் அலமாரியை ஒழித்துப்போட்ட அம்மா. ஒரு தட்டு நாசி கண்டார் சோற்றின் விலைக்குப் புதுசே கிடைக்குமே என்றால் காது கொடுக்க மாட்டார்கள். இதுதான் வேண்டும் என்று நிற்பார்கள்.

நோயும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எண் அரைகுறையாகத் தெரியும். எட்டு என்பது ஏழு சின்னக் கோடுகள். இடதுபக்கத்து இரண்டும் போனால் அது மூன்று. நடுக்கோடு மட்டும் போனால் பூஜ்யம். கண்ணாடிக்கும் அடியிலிருக்கும் பலகைக்கும் இடையில் ஒரு ரப்பர் பட்டை இருக்கும்; மின்சாரம் அதன் வழியாகத்தான் மேலே ஏறுகிறது. அந்தப் பட்டையில் அழுக்குச் சேர்ந்தாலோ அழுத்தம் குறைந்தாலோ கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். திறந்து, துடைத்து, இறுக்கி மூடினால் எட்டு மறுபடி எட்டாகிவிடும். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் வித்தை.

"எங்க படிச்சீங்க அக்கா இதெல்லாம்?" என்று கேட்பார்கள்.

"வீட்டுலதான்," என்பேன். அதற்கு மேல் கேட்டால் கூலியைச் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். கடை வாசலில் நின்று சொல்லக்கூடிய கதை இல்லை அது. ஆனால் போன மாதம் அக்கா வந்துபோனதிலிருந்து தொண்டையிலேயே நிற்கிறது. சொல்லித் தொலைக்கிறேன்.

பாடாங் செராய்க்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். அப்பா அங்கே பால் வெட்டி, பிறகு ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆனவர். எங்கள் தோட்டத்து ஸ்டோரில் ஒரு சட்டம் இருந்தது. உளி வேண்டுமா, தேய்ந்த உளியைக் கொண்டு வந்து காட்டு. வாளி வேண்டுமா, ஓட்டை வாளியைக் கொண்டு வந்து வை. பழசைக் காட்டாதவனுக்குப் புதுசு கிடையாது. ஸ்டோர்க்காரர் சன்னல் வழியாகப் பழசை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இன்னும் ஒரு மாசம் ஓடும்லா," என்று சொல்லித் திரும்பத் தள்ளிவிடுவார். அப்படித் தள்ளிய உளியைப் பாறையில் போட்டு நாலு அடி அடித்து, மறுநாள் அதையே கொண்டு வந்து நீட்டுகிறவர்களும் உண்டு. அப்பா அந்த ரகம் இல்லை. உளியில் பிடிக்கிற அளவுக்கு இரும்பு மிச்சம் இருக்கிற வரையில் தீட்டித் தீட்டி வெட்டியவர். அந்தச் சட்டத்தைத் தோட்டத்து முதலாளி போட்டான் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. சாமி போட்டது என்றே நினைத்துக்கொண்டுவிட்டார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். புதுப் பென்சில் வேண்டுமென்றால் பழையது சுண்டுவிரல் கணு அளவுக்கு வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடச் சப்பாத்து வேண்டுமென்றால் கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். பல் விளக்கும் பிரஷ்ஷைக்கூட அப்பாவிடம் காட்டி உத்தரவு வாங்கினோம். இதைச் சொன்னால் அவரைக் கஞ்சர் என்று நினைப்பீர்கள். கஞ்சர் இல்லை. செத்த சாமானைக் கொண்டுபோய்க் காட்டினால் அந்த வாரமே டவுனுக்குப் போய், இருப்பதிலேயே நல்லதாகப் பார்த்து வாங்கிவிடுவார், பேரம்கூடப் பேச மாட்டார். சாகாத சாமான் இருக்கும்போது புதுசு கேட்டால்தான் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

அந்த அப்பாவிடம் ஒரு கல்குலேட்டர் இருந்தது. தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி மாற்றலாகிப் போன அன்றைக்கு, பால் நிறுக்கும் கொட்டகையில் அத்தனை பேருக்கு நடுவில் அப்பாவைக் கூப்பிட்டுத் தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. அப்பா அதைக் கைக்குட்டையில் சுற்றி அலமாரியில் அம்மாவின் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருந்தார். யாராவது வீட்டுக்கு வந்தால் எடுத்துக்கொண்டு வந்து, எட்டை எட்டுத் தடவை அழுத்திக் காட்டுவார். திரை நிறைய எட்டு நிற்கும். வந்தவர்கள் காப்பியைக் குடித்துக்கொண்டே தலையாட்டுவார்கள்.

என் அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். மூன்றாம் படிவச் சோதனையில் அவளுக்கு நல்ல மதிப்பெண் வந்து, டவுன் இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவ அறிவியல் வகுப்புக்குப் பெயர் வந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து அந்த வருஷம் அவள் ஒருத்திதான். ஒருதரம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் சுங்கைப் பட்டாணி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மருந்து கொடுக்கிற கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டோடு ஒரு தமிழ்ப் பெண் நின்றதை அவள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த இடம்தான் வேண்டும். மாத்திரையைச் சின்னத் தட்டில் தள்ளித் தள்ளி எண்ணுகிறதைக்கூட வீட்டில் புளியங்கொட்டையை வைத்துச் செய்து பார்ப்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நோயாளி மாதிரி இருமுவேன்.

நான்காம் படிவம் தொடங்கிய அன்றைக்கு அப்பா கல்குலேட்டரைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து, விபூதி போட்டு, அக்காவின் கையில் கொடுத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அக்கா காலில் விழுந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்துப் பள்ளியிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தாள். கணக்கு வாத்தியார், சிகு என்போம், எழுதிக் கொடுத்தது. சயிண்டிபிக் கல்குலேட்டர், இன்ன மாடல். மூன்று வாரத்துக்குள் கையில் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் பக்கத்து வகுப்புக்கு மாறிக்கொள்ளலாம், அங்கே கணக்கு சுலபம்.

அக்கா அப்பாவின் முன்னால் போய் நின்றாள். நான் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன்.

"இதுல சைன், காஸ், லாக் எதுவும் இல்லப்பா. சிகு வேற மாதிரி கேக்குறாரு."

"கூட்டுதா? கழிக்குதா?"

"அதெல்லாம் செய்யுதுப்பா. ஆனா..."

"பெரிய கிராணி அத்தன பேரு கணக்கயும் இதுலதான் பாத்தாரு. உனக்குப் பத்தலையா? கெட்டுப் போகட்டும், அன்னைக்கே வாங்கித் தரேன். நல்லா இருக்குறத கையில வச்சிக்கிட்டு புதுசு கேக்கக் கூடாது, ஆமா."

"ஆமாக்கா, நல்லாத்தானே இருக்கு," என்று நானும் தரையிலிருந்து சொன்னேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமலே பேசுகிற முந்திரிக்கொட்டையாகத்தான் இருந்தேன் நான்.

அக்கா பிறகும் இரண்டு தடவை கேட்டாள். ஒரு தடவை முக்கோணம் வரைந்து காட்டிக்கூட விளக்கினாள். அப்பா அந்த முக்கோணத்தை மரியாதையாகப் பார்த்தார், பிறகு அதே பதிலைச் சொன்னார். மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, பள்ளிவிட்டு வந்தவள் புத்தகப்பையை இறக்காமல் அப்பாவிடம் போய்க் கல்குலேட்டரை நீட்டினாள்.

"எட்டு மூணாத் தெரியுதுப்பா."

அப்பா எட்டு தடவை அழுத்தினார். ஆறு எட்டு ஒழுங்காக வந்தது. கடைசி இரண்டும் மூன்றாக நின்றன. அவர் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. தட்டிப் பார்த்தார். பேட்டரியைக் கழற்றித் தேய்த்துப் போட்டார். செவ்வாய்க்கிழமை புதுப் பேட்டரி வாங்கிப் போட்டார். புதன்கிழமை வெயிலில் வைத்தார். ஈரம் இருந்தால் இழுக்கும் என்று யாரோ சொல்ல, ஒரு ராத்திரி முழுக்க அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தார். மூன்று மூன்றாகவே இருந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அதைக் கைக்குட்டையில் சுற்றி மேசைமேல் வைத்தார்.

"ரோசாக். செத்துப் போச்சு," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அந்தக் காயிதத்தக் குடு. ஞாயித்துக்கெழம போயி வாங்கியாரேன். நல்லதா வாங்குவோம்," என்றார்.

அக்கா காகிதத்தைக் கொடுத்துவிட்டு நேரே குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள். அன்றைக்கும் மறுநாளும் அவள் இருந்த இருப்பு தனி. பாத்திரம் கழுவும்போது பாடினாள். எனக்குத் தராமல் ஒளித்து வைத்திருந்த நீலக் கொண்டை ஊசியை அவளே எடுத்து என் தலையில் குத்தினாள். எதற்கு இவ்வளவு தாராளம் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை, கிடைத்தவரை லாபம் என்று வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. அம்மாவும் அக்காவும் பைப்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா கோயில் மண்டபத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில். வீட்டில் நானும் மேசைமேல் செத்துக் கிடந்த கல்குலேட்டரும் மட்டும்தான்.

எனக்கு அப்போது பத்து வயது. அதற்குள்ளேயே எனக்குக் கொஞ்சம் பெயர் இருந்தது. குப்புறப் படுக்கவைத்தால்தான் ஓடும் என்றிருந்த அலாரக் கடிகாரத்தை நிமிர்ந்து ஓட வைத்திருந்தேன். அப்பாவின் நெற்றி விளக்கில் கம்பி விட்டுப்போனபோது சிகரெட் காகிதத்தை மடித்துச் சொருகி எரியவைத்திருந்தேன். "இது ஒரு எஞ்சினியரு," என்று அப்பா ஒரு தடவை சொன்னதை நான் நூறு தடவை நினைத்துக்கொண்டிருப்பேன். அக்காவைப் பற்றி ஊரே பேசிய அந்த இரண்டு மாதத்தில் என்னைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அது எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதை ஒப்புக்கொள்ள வெட்கமில்லை, அன்றைக்கு அது எனக்கே தெரியாது.

நகவெட்டியின் அரத்தை விரித்து அதன் நுனியால் நாலு திருகாணியையும் எடுத்தேன். இரண்டு வழுக்கின, மெழுகுவர்த்தியில் நுனியைச் சூடாக்கி அழுத்தித் திருகினேன். பின்மூடி பிரிந்தது. பச்சைப் பலகை, பொத்தான்களின் ரப்பர், மேலே கண்ணாடி. கண்ணாடியின் ஓரத்தில் மெல்லிய ரப்பர் பட்டை. அதை நகத்தால் தூக்கினால், பலகையின் பொன்னிறக் கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. வலது கோடியில் இரண்டு மூன்று கோடுகளின் மேல் மட்டும் ஏதோ மினுங்கியது.

டேப். புத்தகத்துக்கு அட்டை போடுகிற ஒட்டுடேப். அரிசிமணி நீளம், அதில் பாதி அகலம். பிளேடால் நேராக வெட்டி, சுருக்கம் விழாமல், அந்தக் கோடுகளை மட்டும் மூடுகிற மாதிரி ஒட்டியிருந்தது. அவ்வளவு சுத்தமான வேலையை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஃபேக்டரியில் ஒட்டிவிட்டு எடுக்க மறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். இத்தனை வருஷம் ஒழுங்காகத் தெரிந்த எட்டு போன திங்கட்கிழமை ஏன் கெட்டது என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். எஞ்சினியர் யோசிக்கவில்லை.

டேப்பை உரித்து என் இடதுகை ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டிக்கொண்டேன். அழிரப்பரால் கோடுகளைத் தேய்த்து, வாயால் ஊதி, பட்டையை வைத்து மூடினேன். எட்டு, எட்டு, எட்டு. எட்டும் எட்டாக நின்றன. நான் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பைப்படிக்குப் போய் அக்காவிடம் முதலில் சொல்லியிருக்கலாம். போனால் வழியிலேயே நின்றிருக்கும் எல்லாம். ஆனால் அங்கே இருப்பது இரண்டு பேர். காப்பிக் கடையில் பத்துப் பேர் இருப்பார்கள். கைதட்டல் எங்கே அதிகமோ அங்கே ஓடினேன்.

"அப்பா! சரி பண்ணிட்டேன்! நானே பண்ணிட்டேன்!"

கல்குலேட்டர் கைமாறிக் கைமாறி மேசை முழுக்கச் சுற்றியது. எல்லோரும் எட்டை அழுத்திப் பார்த்தார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். எப்படிப் பண்ணினாய் என்று கேட்டார். நான் விரலை நீட்டினேன்.

"உள்ள இந்த டேப்பு இருந்துச்சுப்பா. ஃபேக்டரிலயே ஒட்டிட்டு மறந்துட்டாங்க போல."

ஸ்டோர்க்காரரும் அங்கே இருந்தார். வேலையை விட்டு நின்று வருஷமாகியும் பழக்கம் போகவில்லை; என் விரலைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"ஃபேக்டரிக்காரன் ஏம்மா ஒட்டப் போறான்? உளியப் பாறையில போட்டு அடிச்சிட்டு எங்கிட்ட வந்து நிப்பானுங்களே, அதே வேலதான்லா இது! மண்டோரு வீட்டுலயேவா! பெரிய பொண்ணு படிச்ச பொண்ணுல்ல, நைசா செஞ்சிருக்கு!"

கடையே சிரித்தது. யாரோ அப்பாவின் முதுகில் தட்டினார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். ஃபேக்டரிக்காரனைத்தான் கிண்டல் பண்ணுகிறார்கள் என்று நினைத்தேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. என் விரலிலிருந்து டேப்பை நகத்தால் பத்திரமாக எடுத்துத் தன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு, குடிக்காத காப்பிக்குக் காசு வைத்துவிட்டு எழுந்தார்.

வீட்டில் அக்கா ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா அவளை உள்ளே கூப்பிட்டார். அடிப்பார் என்று நினைத்தேன். எதற்கு என்று தெரியாமலே நினைத்தேன். அவர் அடிக்கவில்லை, கத்தவுமில்லை. எட்டு தடவை அழுத்தி அவள் முகத்துக்கு நேரே காட்டினார்.

"நல்லாத்தானே இருக்கு," என்றார்.

பிறகு கல்குலேட்டரைக் குப்புறத் திருப்பி, அந்த டேப்பை அதன் முதுகில் நடுவாக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, அக்காவின் கையில் வைத்தார்.

"பத்திரமா வச்சிக்க."

அக்கா அழவில்லை. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நான்தான்க்கா சரி பண்ணேன்," என்றேன். அவள் "ம்" என்றாள். அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்த் தொடையில் கிள்ளினாள். "ஒன்ன யாருடி அதத் தொடச் சொன்னது? கை நமநமங்குதா சனியனே!" என்று பல்லைக் கடித்தாள். அம்மாவுக்கு அக்காதான் செல்லம், நான் எது செய்தாலும் பிடிக்காது என்று அன்றைக்கு ரொம்ப நேரம் விம்மினேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா டவுனுக்குப் போனார். சொன்ன நாளில் போயே தீருவார். என்னைத்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். பாடாங் செராயில் ஒரு சீனர் கடையில் என்னை முன்னால் நிறுத்தி, "இந்தப் புள்ளைக்கு நல்ல ஸ்குரூடிரைவர் செட்டு ஒண்ணு காட்டு தவுக்கே," என்றார். சிவப்புப் பெட்டி, உள்ளே ஆறு சின்னத் திருப்புளிகள், தலையில் சுழலும் தொப்பி. பத்து வயதுப் பெண் பிள்ளைக்கு அப்படி ஒரு சாமான் வாங்கிக் கொடுத்த அப்பா அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் யாருமில்லை. அவர் பேரம் பேசவில்லை.

இரண்டு கடை தள்ளி ஒரு புத்தகக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் கல்குலேட்டர்கள் வரிசையாக இருந்தன, நிறையப் பொத்தான் வைத்தவை. அப்பா அங்கே நின்றார். சட்டைப்பையிலிருந்து சிகுவின் காகிதத்தை எடுத்துப் பிரித்தார். கண்ணாடிக்குள் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். கடைப் பெண் எழுந்து வந்து "அப்பா மாவு, அங்கள்?" என்று மலாயில் என்ன வேண்டுமென்று கேட்டாள். அப்பா கண்ணாடிப் பெட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்குப் பசித்தது, புதுப் பெட்டியைத் திறந்து எதையாவது கழற்ற வேண்டும் என்று கையும் துடித்தது. "வாங்கப்பா, மீ கோரேங் சாப்பிடலாம்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு என்னோடு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை அக்கா பழைய கல்குலேட்டரோடு பள்ளிக்குப் போனாள். பக்கத்தில் உட்கார்ந்த சீனப் பெண் தன் கணக்கை முடித்துவிட்டுத் தன்னுடையதை இவள் பக்கம் தள்ளுவாளாம். மாதச் சோதனையில் எதையும் தள்ளக் கூடாது. அந்தச் சோதனைக்குப் பிறகு அக்கா ஒரு விண்ணப்பப் பாரம் கொண்டு வந்தாள், வகுப்பு மாறுவதற்கு. ஏன் என்று அப்பா கேட்கவில்லை. கோடு போட்ட இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நான் பக்கத்திலேயே வானொலிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் படிவம் முடித்ததும் அக்கா கூலிமில் ஒரு ஃபேக்டரிக்கு வேலைக்குப் போனாள். காலையில் ஐந்து மணிக்குத் தோட்ட வாசலுக்கு பஸ் வரும். பூதக்கண்ணாடிக்குக் கீழே சின்னச் சின்னப் பலகைகளை வைத்து எந்தக் கோடு விட்டிருக்கிறது என்று பார்க்கிற வேலை. இருபத்தாறு வருஷம் பார்த்தாள். இப்போது அவளுக்குச் சோடா புட்டிக் கண்ணாடி. எலெக்ட்ரானிக் படிக்க என்னைத் தொழிற்கல்லூரிக்கு அனுப்பியது அந்தச் சம்பளம்தான். விடுதியில் சேர்க்க வந்தவளும் அவள்தான். "எங்க தங்கச்சிக்குச் சின்ன வயசுலேருந்தே இதுதான் சார்," என்று அலுவலகத்தில் பெருமையாகச் சொன்னாள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அந்தக் கல்லூரியில்தான் எனக்குப் புரிந்தது. வாத்தியார் ஒரு கல்குலேட்டரைப் பிரித்துக் காட்டி, கோடு காணாமல் போக என்னென்ன காரணம் என்று எழுதிப் போட்டார். தூசு, ஈரம், தளர்ந்த பட்டை. ஃபேக்டரியில் டேப் ஒட்டுவார்களா சார் என்று நான் கேட்டேன். எவனாவது வேண்டுமென்றே ஒட்டினால்தான் உண்டு என்றார் அவர். வகுப்பு சிரித்தது. காப்பிக் கடையில் கேட்ட அதே மாதிரிச் சிரிப்பு. எனக்குப் பத்தொன்பது வயது. அக்காவிடம் பேச வேண்டும் என்று லீவுக்கு லீவு நினைத்து, லீவுக்கு லீவு பேசாமல் திரும்பினேன். இருபது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடிற்று. கோழைத்தனம், வேறென்ன.

அப்பா போன வருஷம் காலமானார். போன மாதம் ஒரு மத்தியானம் அக்கா என் கடைக்கு வந்தாள். கைப்பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஸ்க்ரீன் கறுத்துப் போச்சுடி. சரி வருமான்னு பாரு."

பிரித்ததும் காடி வாடை அடித்தது. கண்ணாடியின் மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தகடு பழசானால் அப்படித்தான் புளித்துப் போகும், கறுத்தும் போகும். இந்தத் தடவை நிஜமாகவே கெட்டிருந்தது. நான் திருகாணியைக் கழற்றுவதற்காகக் கல்குலேட்டரைத் திருப்பினேன். முதுகில் நடுவாக, மஞ்சளாகி, அரிசிமணி நீளத்துக்கு அந்த டேப் அப்படியே இருந்தது. அக்கா உரிக்கவே இல்லை. அத்தனை வருஷமும் உரிக்கவில்லை.

என் கை நின்றுவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏங்க்கா, பாறையில போட்டு ஒடச்சிருக்கலாம்ல? ஒடச்சிருந்தா நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எதைக் கேட்கிறேன் என்று அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்பா பொருளுடி அது. எப்படி ஒடைக்கிறது? புதுசு வந்ததும் டேப்ப எடுத்துட்டு, தானா சரியாயிடுச்சுப்பான்னு அவருகிட்டயே குடுத்துரலாம்னு இருந்தேன். ஆளுங்க வந்தா எட்டு அழுத்திக் காட்டணும்ல அவரு."

மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன், அது எத்தனை மலிவான சொல் என்று பட்டது. குனிந்து புளித்த தகட்டைச் சுரண்டி எடுத்தேன், பசையைத் துடைத்தேன், புதுத் தகட்டை அளவு பார்த்து வெட்டி ஒட்டினேன். டேப்பைத் தொடவில்லை. அக்கா என் மேசைமேலிருந்த சிவப்புப் பெட்டியை எடுத்து மூடியைத் திறந்தாள். ஆறில் நாலு திருப்புளி மிச்சம். மூடியின் ஒரு கீல் உடைந்து நான் கம்பி கட்டியிருந்தேன்.

"இன்னுமா இத வச்சிருக்க? புதுசு வாங்கக் கூடாது?"

"நல்லாத்தானே இருக்கு," என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அக்காவுக்கும் விழுந்திருக்கும். பெட்டியை மூடி, இருந்த இடத்திலேயே வைத்தாள். நான் கல்குலேட்டரை இறுக்கி மூடி அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் எட்டு தடவை அழுத்தினாள். கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எண்ணாக, ஃபேக்டரியில் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

அந்தச் சனிக்கிழமை காலையில் நான் கல்குலேட்டரின் பின்மூடியைத் திறந்தபோது உள்ளே என் அக்காவின் வெள்ளைக் கோட்டு இருந்தது, அப்பாவின் மனசு நோகக் கூடாது என்ற அவளுடைய கவலையும் இருந்தது. எல்லாவற்றையும் பிளேடால் அளந்து வெட்டி அந்த அரிசிமணி இடத்தில் ஒட்டி வைத்திருந்தாள். பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் எட்டு எட்டாகத் தெரிய வேண்டும் என்பது மட்டும்தான்.